கழுத்துக்கென்று நூற்ற நூல்

ராசா,

நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. கேட்டால், "ஓமம்மா, சுகமா இருக்கிறன்" என்பாய். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் ஒரு நேரச் சோறுகூட நிம்மதியாகத் தின்ன முடியவில்லை. ஆகவே இந்தத் தடவை கேட்காமல் சொல்லப் போகிறேன். நீ குறுக்கே கதைக்க முடியாது. போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைக் காட்டிப் பேச்சை மாற்றவும் முடியாது. தனியாக எழுதிப் போட்டால் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை உன் மகள் ஆரணி திருத்தித் தருவாள். விஷயத்தில் கை வைத்தாயோ தெரியும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் நீ அகப்பட்ட கதை. மூன்று கிழமைக்கு முன் உனக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். உள்ளே கையகலத்தில் பின்னிய மூன்று கம்பளித் துண்டுகள். ஒன்றின் மூலையில் சிவப்பு நூலால் முடிச்சு, ஒன்றில் நீல முடிச்சு, மூன்றாவதில் முடிச்சு இல்லை. வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில் இருந்த பிள்ளை உள்ளே என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்கு அந்த நேரம் சொல் வரவில்லை. "புத்தாகே பெல்ல" என்றுவிட்டேன், மகனுடைய கழுத்து என்று. அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, குளிர், சட்டை, கனடா என்று விளங்கப்படுத்தினேன். அவளும் சிரித்தபடியே படிவத்தை நிரப்பித் தந்தாள். போன புதன்கிழமை உன்னுடைய குரல் செய்தி வந்தது. "அம்மா, துண்டு மூண்டும் கிடைச்சுது. மூண்டும் நல்ல சொஃப்ட். ஒண்டும் கடிக்கேல்லை. நீங்க கஷ்டப்படாதீங்கோ." எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! ஆரணியைக் கூப்பிட்டுத் திரும்பவும் போடச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். தன் போனில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அப்பம்மா, பார்சல் இன்னும் ரொறொன்ரோவில நிக்குது. அப்பாட கைக்குப் போகேல்லை."

"ரொறொன்ரோவில இருந்து அப்பா இருக்கிற இடம் எவ்வளவு தூரம்? நடந்து போய் எடுத்திருப்பாரோ?"

"பிளேனில போகவேணும் அப்பம்மா." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம் அப்பா, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"ஆருக்குத் தெரியாது? அவர் அதில பட்டம் எடுத்தவர்" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கைக்கு வந்தே சேராத துணி உன் தோலில் கடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாய். துண்டு மூன்று என்று நான்தான் முன்பே சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டிவிட்டாய். அம்மாவின் வாயை அடைப்பது உனக்கு அவ்வளவு சுலபம்.

ஏன் இந்தத் துண்டுகள் என்றால், நீ போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு வீடியோவில் கதைத்தபோது உன் கை கழுத்துக்குப் போனது. ஒரு தரம் அல்ல, ஐந்து தரம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற இடத்தில் கொடுத்த தடித்த சட்டையின் கொலரை இழுத்து மேலே விட்டாய். ஆனாலும் காதுக்குக் கீழே சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. "என்ன கழுத்தில?" என்றேன். "ஒண்டுமில்லை அம்மா, பழக்கம்" என்றாய். சிறு வயதிலிருந்து உன் தோல் எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. வெடித்து, நீர் கசிந்து, காய்ந்து, திரும்பவும் வெடிக்கும். இங்கே கடற்காற்றும் வேர்வையும் இருந்தும் அப்படி. அங்கே காற்றில் ஈரமே இல்லையாம், ஹீட்டர் போட்டால் உதடு பிளக்குமாம். இன்னும் குளிர்காலம் ஒழுங்காகத் தொடங்கவேயில்லை என்கிறார்கள். தனி அறையில் இருக்கிறாய். உன் மனைவி மாலினியும் ஆரணியும் வந்து சேர வருகிற ஆடி ஆகும். புண் பழுத்து நீ காய்ச்சலில் கிடந்தால் கதவைத் தட்ட ஆர் இருக்கிறார்கள்? உன் தோலுக்கு ஒத்த ஒரு சட்டை, அந்தத் தடித்த சட்டைக்கு உள்ளே போட, நானே பின்னி அனுப்பினால் என்ன என்று அப்போதுதான் நினைத்தேன்.

புறக்கோட்டையில் நூல் விற்கிற கடைக்கு ஆரணியோடு போனேன். கடைக்காரர் பந்து பந்தாக எடுத்துப் போட்டார். "சுத்தக் கம்பளி, ஆச்சி" என்றார். சுத்தமா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். நுனியில் ஒரு துண்டைப் பிய்த்து, நெருப்புப் பெட்டி கேட்டேன். "என்ன ஆச்சி, கடையக் கொளுத்தவா வந்தீங்க?" என்று அந்த மனிசன் பதறிப்போனார். வெளியே நடைபாதையில் வைத்துப் பற்ற வைத்தேன். கம்பளியென்றால் தலைமயிர் கருகுகிற மணம் வர வேண்டும், சாம்பல் தூளாக உதிர வேண்டும். இது உருகி, கறுப்பு மணியாய்ச் சுருண்டு நின்றது. நைலோன். "கொழும்புல கம்பளி யாரு உடுக்கிற, ஆச்சி? நானும் எங்க போய்த் தேட?" என்று அவர் கேட்டதும் நியாயம்தான். வெறுங்கையோடு வந்தோம். பிறகு மேல்மாடி டீச்சரின் மகள் ஒஸ்ரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வரும்போது, ஆரணி சொல்லி விட்டபடி, சீவின கம்பளி கொண்டுவந்தாள். நூலாக இல்லை. வெள்ளை வடம் போலச் சுருட்டி, தொட்டால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மென்மை. ஒரு சட்டைக்கு அளவு, பரீட்சித்துப் பார்க்கக் கொஞ்சம், அவ்வளவுதான். வீணாக்கினால் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் எதையும் அவசரப்பட்டுத் தொடங்காமல் முதலில் துண்டு பின்னி உனக்கு அனுப்பினேன்.

உனக்குத் தெரியாத ஒன்று: பள்ளிக்கூடத்தில் நான் தேறிய ஒரே பாடம் தக்ளி. பஞ்சை நூலாக்குகிற சின்னப் பித்தளைக் கதிர் அது. கணக்கில் முட்டை எடுத்தவள் நூலில் முதலாவது. மெல்லியதாக, இறுக்கமாக, வீணைத் தந்தி மாதிரி இருக்க வேண்டும் என்பார் வாத்தியார். இழுத்துப் பார்த்து அறுந்தால் பிரம்பால் புறங்கையில் ஒன்று. அவருடைய பேரையும் அந்தப் பிரம்பின் நிறத்தையும் நான் மறக்கவில்லை. இப்போது ஆரணி உன் பழைய பாட்டு சீடி இரண்டை ஒட்டி, நடுவில் மூங்கில் குச்சி செருகி, உச்சியில் ஒரு கொக்கி வைத்துப் பெரிய கதிர் ஒன்று செய்து தந்தாள். பல்கணியில் நின்று சுழற்றிவிட்டால் வெயில் பட்டுப் பளபளக்கிறது, காகம்கூடக் கிட்ட வருவதில்லை. ஆனால் என் கை பஞ்சுக்குப் பழகின கை. பஞ்சின் நார் குட்டை, நிறைய முறுக்கினால்தான் நிற்கும். கம்பளி நீளம், அதற்கு அவ்வளவு முறுக்கு வேண்டாம், சும்மா சேர்த்துப் பிடித்தாலே போதும். இது மண்டைக்கு விளங்குகிறது. விரலுக்கு விளங்கவில்லை. கவனம் கொஞ்சம் தப்பினால் விரல் தன்பாட்டில் இறுக்குகிறது. முதல் நூற்ற நூல் பார்வைக்கு அவ்வளவு அழகு, ஒரே சீர். பின்னிப் பார்த்தால் சதுரம் சதுரமாக நிற்கவில்லை, ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது. அளவுக்கு மீறி முறுக்கினால் துணி தன் கோபத்தை அப்படிக் காட்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், தேங்காய்த் தும்புக் கயிறு. அவ்வளவு மென்மையான பொருளை எடுத்து நான் தும்புக் கயிறு ஆக்கியிருக்கிறேன். அன்றைக்குக் கதிரைக் கீழே வைத்துவிட்டேன், ராசா. நினைவுக்கு வந்தது நூல் அல்ல.

உனக்கு ஏழு வயது. அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில். அப்பாவின் அக்கா, உன் லண்டன் மாமி, புருசன் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்காக வந்திருந்தா. குளிர் ஊரான நுவரெலியாவில் எல்லாரும் மூன்று நாள் தங்கினோம். உனக்கென்று சிவப்புச் சுவெட்டர் ஒன்று கொண்டுவந்தா, கழுத்து வரைக்கும் பொத்தான். "சுத்தக் கம்பளி மச்சாள், பத்து வருசம் உழைக்கும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. போட்டுக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, நீ நெளியத் தொடங்கினாய். "கடிக்குது அம்மா. கழட்டுங்கோ அம்மா." நான் பொத்தானில் கை வைத்தேன். அது உண்மை, கை வைத்தேன். அப்போது மாமி, "உவன் நடிக்கிறான். செல்லம் குடுத்துப் பழுதாக்கி வச்சிருக்கிறியள். படிச்ச வீடுகளில பிள்ளையள் இப்பிடியோ?" என்றா. படிச்ச வீடு. அந்தச் சொல்லை எங்கே குத்தினால் எனக்கு நோகும் என்று தெரிந்து குத்தினா. சபையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் கன்னத்தில் அடித்தேன். அடித்து, மேல் பொத்தானையும் இறுக்கிப் பூட்டி, "கழட்டினாயெண்டால் உன்னை இஞ்சயே விட்டிட்டுப் போவன்" என்றேன். அதற்குப் பிறகு நீ கடிக்குது என்று சொல்லவேயில்லை. மூன்று நாளும் போட்டிருந்தாய். படத்தில்கூட நேராக நிற்கிறாய்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து கழற்றினால் வரவில்லை. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோலோடு ஒட்டியிருந்தது. இளஞ்சுடு தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துக் கழற்றினேன். "நோகுதோ ராசா?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தபடி, "நோகேல்லை அம்மா" என்றாய். உள்ளே சிவந்த இறைச்சி தெரிகிறது, பிள்ளை நோகேல்லை என்கிறான். அப்பா, "பரவாயில்லை, கெட்டிக்காரன்" என்றார். நானும் ஓம் கெட்டிக்காரன் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லி உனக்குப் பரிசும் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பழகினாய், இன்றைக்கு நாற்பத்தைந்து வயது.

இடையில் நடந்ததையும் நானே சொல்கிறேன். இருபது வயதில் வெள்ளவத்தை பஸ் நிற்கிற இடத்தில் விழுந்தாய். ஆரோ தெரியாத மனிசர் ஆட்டோவில் ஏற்றிக் களுபோவிலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடிக்கிற நிலையில். டொக்டர் கேட்க நீ நாலு நாளாக வலி என்று சொன்னாயாம். அந்த நாலு நாளும் உனக்குச் சோறு போட்டது நான். "ஏன் சாப்பிடேல்லை?" என்றால், "பசிக்கேல்லை" என்றாய், நான் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். தாதி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு கலியாணம் கட்டின பிறகு உன் கந்தோர் மூடிவிட்டது. நீ ஒருவருக்கும் சொல்லாமல் தினமும் காலையில் சேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நான் கட்டித் தந்த இடியப்பப் பார்சலோடு வெளிக்கிட்டாய். இரண்டு மாதம். உன்னோடு வேலை செய்த பிள்ளை சந்தையில் என்னைக் கண்டு, "கந்தோர் மூடினது எங்கள் எல்லாருக்கும் பெரிய இடி, என்னம்மா?" என்றபோது நான் கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அடுத்த நாள் பின்னால் வந்தேன், உனக்குத் தெரியாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு நீ இடியப்பம் சாப்பிட்டாய். நான் ரயில் கேற்றடியில் நின்று பார்த்தேன். ரயில் ஒன்று போனது. போன பிறகும் நீ அங்கேயே இருந்தாய். நான் வந்து பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தால் நீ சொல்லுவாய், சொன்னால் நான் தாங்க வேண்டும். வீட்டுக்கு வந்து அடுத்த நாளைக்கும் மா குழைத்து வைத்தேன். ஆக, சொல்லாத பழக்கம் உன்னுடையது மட்டும் அல்ல. கேட்காத பழக்கம் என்னுடையது.

லண்டன் மாமியை நான் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஆராவது சமாதானம் பேச வராதபடிக்கு. அந்தச் சிவப்புச் சுவெட்டரையும் எறியவில்லை, அலுமாரியில் பையில் கட்டி வைத்திருக்கிறேன். அவ சொன்னது சரி, ஒரு பின்னல் கண்ணிகூடக் கழலவில்லை. புறக்கோட்டையிலிருந்து வந்த அன்றைக்கு அதிலும் ஒரு நூலைப் பிய்த்துக் குசினியில் கொளுத்தினேன். உருகியது! கறுப்பு மணி! சுத்தக் கம்பளியாம். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு எனக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஆரணியைக் கொண்டு அப்போதே லண்டனுக்கு அழைப்பு எடுத்தேன். "மச்சாள், நீங்க என்ர பிள்ளைக்குத் தந்தது நைலோன்" என்றேன். அவவுக்கு இப்போது காது மந்தம். இரண்டு தரம் கத்தினேன். "எந்தச் சுவெட்டர்? எந்தக் கலியாணம்? நுவரெலியாவுக்கு நான் எப்ப வந்தனான்?" என்று கேட்டா. நடிக்கவில்லை. உண்மையாகவே ஞாபகம் இல்லை. இவ்வளவு காலமும் நான் மனதில் ஒருத்தியைக் கட்டி நிறுத்தி வைத்திருந்தேன், அவ எப்போதோ போய்விட்டிருக்கிறா. அவ சொன்னது ஒரு சொல். அடித்தது என் கை. பொத்தானை இறுக்கிப் பூட்டியதும் என் கை. அவவைக் கோபித்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது, ராசா. அந்தக் கையைப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது.

இப்போது சட்டையின் விஷயம், கவனமாக வாசி. உன் பழைய சேர்ட்டை மேசையில் விரித்து அளவு எடுத்தேன். கழுத்துக்கு வருகிற பங்கை முதலில் பிரித்து வைத்துவிட்டேன். அந்த வடத்திலேயே மிக மென்மையான பகுதி அது. அதை மிகத் தளர்வாக நூற்று, இரண்டு இழையை எதிர்ப்பக்கம் முறுக்கிச் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். மாரி மழையில் பல்கணியில் ஒரு சிட்டம் நூல் காய நாலு நாள் எடுக்கிறது. உடம்புக்கு அதைவிடக் கொஞ்சம் திடமான நூல். சரியாய் வந்த முதல் நூலில் ஒரு துண்டை விசுக்கோத்துப் பெட்டி மட்டையில் சுற்றி வைத்து, ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அதோடு வைத்துப் பார்க்கிறேன், நேற்றைய கைக்கும் இன்றைய கைக்கும் வித்தியாசம் வந்துவிடாதபடிக்கு. இதெல்லாம் சமாளிப்பேன். மாட்டிக்கொண்டது முழங்கையில். சட்டைக் கையை வட்டமாகப் பின்னுவது. ஒவ்வொரு வரியும் வெளிப்பக்கமாய்ப் போய் உட்பக்கமாய்த் திரும்பி வரும். வெளிப்பக்கம் நீ வேலையில் தூக்குகிற பெட்டியிலும் மேசையிலும் உரசுகிற இடம். அதற்கு இறுக்கி முறுக்கின நூல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் ஓட்டை. உட்பக்கம் உனக்குப் புண் வருகிற மடிப்பு. அதற்குத் தளர்ந்த நூல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாளில் இரத்தம். ஒரே நூல்தான் இரண்டு இடத்துக்கும் போகிறது. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டு சமையலில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

மாலினியிடம் கேட்டேன். ஆச்சரியப்படாதே. பருப்பில் தேங்காய்ப்பால் விட்ட விஷயத்தில் அவளோடு எனக்குள்ள கணக்கு இன்னும் தீரவில்லை, ஆனால் கேட்டேன். அவள் உள்ளே போய் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து விரித்தாள். நீ போகுமுன் பாவித்தது. கழுத்துப் படுகிற இடத்தில் தோய்த்தும் போகாத பழுப்புப் பொட்டுகள். "போறத்துக்கு முதல் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். நீங்க எழும்ப முதல் தோய்ச்சுப் போடுவன். அம்மாட்ட சொல்லாதே எண்டு சத்தியம் வாங்கினவர்" என்றாள். பிறகு, "எனக்கும் அவர் சொன்னதில்லை. நான் உறையைப் பாத்துத்தான் அறிஞ்சனான்" என்றாள். இரண்டு பொம்பிளைகள் ஒரு தலையணை உறையை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம், ஆளை அங்கே குளிருக்குள் விட்டுவிட்டு. அப்போதே முடிவு எடுத்தேன். முழங்கைக்கும் தளர்ந்த நூல்தான். கிழியட்டும். ஓட்டை விழுந்தால் திருப்பி அனுப்பு, நான் இழை ஓட்டித் தருகிறேன். நான் இல்லையென்றால் மாலினி தைப்பாள், அவளுக்கு இப்போது காட்டிக் கொடுத்திருக்கிறேன். பத்து வருசம் உழைக்கிற சட்டையின் அழகை நாங்கள் பார்த்துவிட்டோம்.

ஆனால் கழுத்தை மட்டும் என்னால் தனியாக முடிவெடுக்க முடியாது. என் கன்னத்துக்கு நல்லாய் இருக்கிறது உன் கழுத்துக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன். இதை நீ வாசிக்கும்போது பார்சல் உண்மையாகவே வந்திருக்கும். சிவப்பு முடிச்சு என் பழைய கை, இறுக்கி முறுக்கினது. நீலம், தளர்த்தினது. முடிச்சு இல்லாதது, மூன்று இழை சேர்த்தது. ஒரு நாளைக்கு ஒன்றாகச் சட்டைக் கொலருக்கு உள்ளே ஊசி குத்தி வை. வேலைக்குப் போ, பெட்டி தூக்கு, வேர்க்கட்டும். இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு மெசேச் போடாதே, பொல்லாதவளாய் இருப்பேன். கழுத்துப் புண்ணுக்கு அங்கே உள்ள டொக்டரையும் பார், மருந்தின் பேரை ஆரணிக்குப் படம் எடுத்து அனுப்பு. பார்த்தேன் என்று சும்மா சொன்னால் போதாது. பார்சல் எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

மூன்று துண்டும் கடித்தாலும் கடிக்குது என்று சொல். இவ்வளவும் நூற்றாளே, மழைக்குள் காயவைத்தாளே, எழுபத்தாறு வயதில் பல்கணியில் கால் கடுக்க நின்றாளே என்று என்னைப் பார்க்காதே. நூலை நான் வேறு எதற்காவது பாவிப்பேன், போத்தலுக்கு உறை பின்னுவேன், அது என் பாடு. எனக்குப் பயம் கம்பளி வீணாகும் என்று அல்ல. நான் அனுப்புகிற சட்டையையும் நீ பொத்தானைப் பூட்டிக்கொண்டு போட்டிருந்து, வீடியோவில் நேராக இருந்து, "நோகேல்லை அம்மா" என்பாய் என்பதுதான் பயம். அந்தச் சட்டையை என் கையாலேயே இரண்டாம் தரம் உனக்கு மாட்டிவிடமாட்டேன். அதனால் கதிரை நிறுத்திவிட்டேன். பாதி நூற்றபடி கொக்கியில் தொங்குகிறது, அடிக்கடி போய்த் தொட்டுப் பார்க்கிறேன். கழுத்துக்கென்று பிரித்து வைத்த பங்கு பழைய தலையணை உறையில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு சொல் வரும்வரை அதில் ஒரு விரலும் வைக்கமாட்டேன்.

நீ சொல்லத் தொடங்கினால் நான் திரும்பக் கத்துவேனோ, படிச்ச வீடு படியாத வீடு என்று எதையாவது இழுத்துவிடுவேனோ என்று உனக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது. என் வாயை நம்புவதற்கு என்ன நியாயம்? ஆகவே என் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன், நாலு பேர் சாட்சியாக. பிறகு நான் மாற்ற முடியாது. பொத்தானில் கை வைத்தபடி அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் அது. நீ "கடிக்குது அம்மா" என்று சொல்.

கழட்டு ராசா.

அம்மா